பிரிவுக்கு யார் பொறுப்பு?

1816 ஜூலை 18. இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்தில் ஜேன் ஆஸ்டின் தன் நாவலின் கடைசி வரியை எழுதி, கீழே 'முற்றும்' என்று போட்டு, தேதியையும் குறித்துவிட்டார். பின்னால் 'பெர்சுவேஷன்' என்ற பெயரில் அச்சான நாவல் அது. எட்டு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இருவர் அதில் மீண்டும் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் எழுதியவருக்கு மனம் ஒப்பவில்லை. முடிவு சப்பென்று இருக்கிறதே என்ற வருத்தத்தோடு படுக்கப்போனார் என்றும், மறுநாள் தெளிந்த மனத்தோடு எழுந்தார் என்றும் அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள், காதலர் சேரும் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிவிட்டார்.

எடுத்துப்போட்ட தாள்கள் அழியவில்லை. அவர் முடித்த நாவல்களில் கையெழுத்துப் பிரதியாக மிஞ்சியிருப்பது இந்தப் பகுதி மட்டும்தான். அதனால் ஒரு பெரிய எழுத்தாளர் எதைத் தள்ளினார், அந்த இடத்தில் எதை வைத்தார் என்பதை அருகருகே வைத்துப் படிக்க முடிகிறது.

தள்ளியது இது. நாயகி ஆன் தெருவில் நடந்துவருகிறாள். அட்மிரல் கிராஃப்ட் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே பழைய காதலன் வென்ட்வொர்த் இருக்கிறான். 'நீங்கள் உங்கள் உறவுக்காரர் எலியட்டை மணக்கப்போவது உண்மையா, அப்படியானால் வாடகைக்கு விட்ட பங்களா உங்களுக்குத் திரும்ப வேண்டியிருக்குமா' என்று கேட்கும் வேலையை அட்மிரல் அவன் தலையில் கட்டிவிட்டுப் போகிறார். தயங்கித் தயங்கிக் கேட்கிறான். இல்லை என்கிறாள். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடுகிறது. தற்செயல் கூட்டிவைக்கிறது, மூன்றாம் மனிதர் பேசவைக்கிறார், ஒரு வதந்தி பொய்யாகிறது. அவ்வளவுதான்.

புதிதாக எழுதியதில் பாத் நகரத்து விடுதி அறையில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வென்ட்வொர்த் மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். சற்றுத் தள்ளி ஜன்னலோரம் அவனுடைய நண்பர் ஹார்வில் ஆனிடம் பேசுகிறார். அவருடைய தங்கை இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் வேறொரு பெண்ணை மணக்கப்போகிறான். யார் சீக்கிரம் மறக்கிறார்கள், ஆணா பெண்ணா என்று பேச்சு வளர்கிறது. பெண்களின் நிலையற்ற மனத்துக்குப் புத்தகங்கள் சாட்சி என்கிறார் அவர். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் ஆண்கள்தானே என்கிறாள் ஆன். நம்பிக்கையெல்லாம் போன பிறகும் விடாமல் நேசிப்பது பெண்களால் முடியும் என்று, ஹார்விலிடம் சொல்வதுபோல, எட்டு ஆண்டுகளாக வாயில் வராததைச் சொல்லிவிடுகிறாள். இந்தப் பேச்சின் நடுவே மேசையில் பேனா கீழே விழுகிறது. எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை நிறுத்திவிட்டு ஆனுக்கு இன்னொரு கடிதம் எழுதுகிறான் வென்ட்வொர்த்.

இரண்டு வடிவத்திலும் காதலர் சேர்கிறார்கள். முதலாவதில் சேர்த்துவைக்கப்படுகிறார்கள். இரண்டாவதில் அவள் பேசியதால், அவன் கேட்டதால் சேர்கிறார்கள். பிரிந்த காதலர் மீண்டும் கூடும் கதைக்கு உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தமிழில் இப்போது அந்த வகைக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. மாத நாவல், தொலைக்காட்சித் தொடர், பிரதிலிபி போன்ற தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்கதை என்று எங்கும் முன்னாள் காதலர்கள் சந்தித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் யார் பிரித்தார்கள், பிரிந்தவர் அதில் என்ன செய்தார், அந்தக் காரணம் இப்போது மாறியிருக்கிறதா என்ற கேள்விகளை நம் கதைகளில் பெரும்பாலானவை கேட்பதே இல்லை.

ஆஸ்டின் கேட்டார். 1806இல் ஆனுக்கு 19 வயது. வென்ட்வொர்த் கடற்படையில் இளம் அதிகாரி, கையில் காசில்லை. அவள் தந்தை வால்டர் எலியட் பட்டம் தாங்கிய பிரபு; தன் குடும்பப் பெயர் அச்சான புத்தகத்தைத் தவிர வேறெதையும் விரும்பிப் படிக்காதவர். தாயில்லாத ஆனுக்குத் தாய் ஸ்தானத்தில் இருந்தவர் லேடி ரஸ்ஸல். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அவர் எடுத்துச்சொல்ல, ஆன் பணிந்தாள். நிச்சயத்தை முறித்தவள் அவளேதான். யாரும் அவளை அறையில் வைத்துப் பூட்டவில்லை, கடிதத்தை ஒளிக்கவில்லை. அவனுடைய நல்லதுக்கும் இதுதான் வழி என்று நம்பி விலகினாள்.

எட்டு ஆண்டு கழித்து நிலைமை தலைகீழாகிறது. நெப்போலியன் போரில் எதிரிக் கப்பல்களைப் பிடித்த பங்குப் பணமாக வென்ட்வொர்த்திடம் 25,000 பவுண்டு சேர்ந்திருக்கிறது. பிரபுவோ கடனில் மூழ்கி, பரம்பரை பங்களாவை வாடகைக்கு விட்டுவிட்டார். வாடகைக்கு வந்த அட்மிரலின் மனைவி வென்ட்வொர்த்தின் அக்கா. 1814இல் போர் ஓய்ந்து கடற்படைக்காரர்கள் கரைக்குத் திரும்பிய காலம் என்பதால், இந்தச் சந்திப்பு தற்செயலாகத் தோன்றாமல் காலத்தின் போக்காகவே தெரிகிறது.

எழுத்துத் தொழில் கற்க நினைப்பவர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பழைய காதலுக்கு ஆஸ்டின் ஒதுக்கிய இடம் நாலாம் அத்தியாயத்தின் சில பக்கங்கள் மட்டுமே. மழையில் நனைந்த முதல் சந்திப்பு, ஊஞ்சல், பரிசுப்பொருள் என்று எந்த நினைவுக் காட்சியும் இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறார். நம் தொடர்களில் 'ஃபிளாஷ்பேக்' பாதிக் கதையைத் தின்றுவிடுகிறது. இளமையில் இருவரும் எப்படி இருந்தார்கள் என்பது இனிமையானதுதான். ஆனால் வாசகருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: இன்று இருப்பவர்கள் ஒருவரையொருவர் மறுபடி விரும்புவார்களா?

மறுசந்திப்பையும் அவர் பெரிதாக ஊதவில்லை. ஏழாம் அத்தியாயத்தில், ஆனின் தங்கை வீட்டுக் காலைச் சாப்பாட்டு அறையில், ஒரு குனிந்த தலையும் ஒரு வணக்கமுமாக அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அடையாளமே தெரியாத அளவுக்கு அவள் மாறிவிட்டாள் என்று அவன் சொன்னதைத் தங்கை வாயிலாக ஆன் கேட்க நேர்கிறது. 27 வயதில் ஒரு பெண் கேட்கும் கொடிய சொல் அது. அதன் பிறகு மெல்ல மெல்ல, கையால் செய்யும் காரியங்கள் வருகின்றன. முதுகில் தொற்றிக்கொண்டு இறங்க மறுக்கும் இரண்டு வயதுக் குழந்தையை யாரோ தூக்கி எடுக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் அவன். நீண்ட நடையில் அவள் களைத்திருப்பதை அவன் கவனித்து, ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏற்றிவிடுகிறான். மன்னிக்கவில்லை, ஆனால் அவள் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கோபத்துக்கும் அக்கறைக்கும் நடுவே இருக்கும் அந்த மனநிலையை எழுதத் தெரிந்தால் பக்கம் பக்கமாக வசனம் தேவைப்படாது.

சேர்ந்த பிறகும் கணக்கு முடியவில்லை. லேடி ரஸ்ஸலின் அறிவுரை தவறுதான், ஆனால் அந்த வயதில், அந்த இடத்தில் இருந்தவரின் பேச்சைக் கேட்டது தவறில்லை என்கிறாள் ஆன். இதை ஏற்பது சுலபமல்ல; இன்றைய வாசகர் சண்டைகூடப் போடலாம். அவள் தன் முடிவை விளக்குகிறாள், அதற்காக மன்றாடவில்லை. அடுத்து அவன் கேட்கிறான்: 1808இல் கையில் கொஞ்சம் பணமும் ஒரு கப்பலும் கிடைத்தபோது எழுதியிருந்தால் ஏற்றிருப்பாயா? ஏற்றிருப்பாள். எழுதவிடாமல் தடுத்தது அவனுடைய வீம்பு. எட்டில் ஆறு ஆண்டு தன்னால் வீணானது என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். அதுவரை குற்றம் சாட்டியவன் தன் பங்கைக் கண்டுகொள்ளும் இந்த இடம்தான் கடிதத்தைவிட முக்கியமான சேர்க்கை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ஒளித்துவைக்கப்பட்ட கடிதம். 2004இல் வந்த 'த நோட்புக்' படத்தில் நாயகன் ஒரு வருடம் நாளுக்கொன்றாக 365 கடிதம் எழுதுகிறான். பெண்ணின் தாய் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறாள். உலகமே அழுது பார்த்த படம். ஆனால் அந்த உத்தி காதலர் இருவரையும் குற்றமற்றவர்களாக்கிவிடுகிறது. நம் தொடர்களில் இதற்குப் பல உருவங்கள்: பாதியில் கேட்ட தொலைபேசிப் பேச்சு, தவறாகப் புரிந்துகொண்ட ஒரு புகைப்படம், பொய் சொன்ன தோழி. ஐந்தாண்டுக்குப் பிறகு உண்மை தெரிந்ததும் 'ஐயோ, உன்னைத் தப்பா நினைச்சுட்டேனே' என்று ஒரு வரி, உடனே சுபம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு இருநூறு பக்கம் படித்த வாசகருக்கு இது ஏமாற்று.

தமிழ்நாட்டில் காதலர்கள் எதனால் பிரிகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. சாதி, மதம், வசதி, மாமன் வீட்டுக்குக் கொடுத்த வாக்கு, தங்கையின் கல்யாணம் தடைபடுமே என்ற பயம், அம்மாவின் மிரட்டல். பலருக்கு இவற்றோடு தங்கள் துணிவின்மையும். சாதிக்காகக் கொலையே நடக்கும் ஊரில், புரியாமல் பிரிந்தார்கள் என்று மட்டுமே எழுதிக்கொண்டிருப்பது வாசகரை மகிழ்விக்கும் வழியாகத் தோன்றலாம். உண்மையில் அது அந்த வாசகரின் வாழ்க்கையைப் பார்க்க மறுப்பது. 'அப்பா சொன்னார், நான் தலையாட்டிவிட்டேன்' என்று ஒரு நாயகன், ஆம், நாயகன், சொல்லும் கதையை எத்தனை பேர் எழுதத் துணிகிறார்கள்?

தமிழ் சினிமா இந்த விஷயத்தில் வேறொரு பாதையில் போயிருக்கிறது. சந்திப்பைத் தாராளமாகக் கொடுக்கும், சேர்க்கையை மறுத்துவிடும். 1962இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில், புற்றுநோயோடு மருத்துவமனைக்கு வரும் கணவனுக்குச் சிகிச்சை தர வேண்டிய மருத்துவர், மனைவி சீதாவின் பழைய காதலர். தான் இறந்தால் அவரையே மணந்துகொள் என்று கணவன் மனைவியிடம் சொல்கிறான். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். அறுவைச் சிகிச்சை வெற்றி பெறுகிறது, மருத்துவர் இறந்துபோகிறார். 1981இல் பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட வசந்தியை அவள் காதலன் மாதவனோடு சேர்த்துவைக்கக் கணவனே முன்வருகிறான். எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. மாதவன் மறுத்துவிடுகிறான். தாலி வெல்கிறது. இரண்டும் நேர்த்தியான படங்கள். இரண்டும் இந்திக்குப் போய் அங்கும் ஓடின. ஆனால் இரண்டிலும் அந்தப் பெண்ணின் வாழ்க்கையை நிர்ணயிப்பது சாவும் தாலியும். சீதாவும் வசந்தியும் என்ன விரும்பினார்கள் என்பது முடிவைத் தொடவே இல்லை.

இது நம் பண்பாடு, வேறு முடிவை மக்கள் ஏற்க மாட்டார்கள் என்பது வழக்கமான பதில். அதைச் சோதித்துப் பார்க்க 2010இல் ஒரு வாய்ப்பு தானாக அமைந்தது. கௌதம் வாசுதேவ் மேனன் ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்து ஒரே நாளில் வெளியிட்டார். தமிழில் 'விண்ணைத்தாண்டி வருவாயா', தெலுங்கில் 'ஏ மாய சேசாவே'. அதே இயக்குநர், அதே ரஹ்மான் இசை, அதே மதத் தடை. தமிழில் கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் சேர்வது அவன் எடுக்கும் படத்துக்குள் மட்டும். வாழ்க்கையில் அவள் வேறொருவரின் மனைவி. தெலுங்கில் நிஜமாகவே சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டும் ஓடின. ஆக, பிரிவுதான் ரசனை என்பது கல்லில் எழுதியதல்ல. 2020 ஊரடங்கில் அதே இயக்குநர் 'கார்த்திக் டயல் செய்த எண்' என்ற குறும்படத்தில் ஜெஸ்ஸியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, கல்யாணமானவளை அழைத்து எதற்காக இந்தப் பேச்சு என்று கண்டனம் எழுந்தது. ஆனால் அதே ஜெஸ்ஸிக்கு இந்தப் பத்து ஆண்டில் என்ன ஆயிற்று, அவளுக்கு என்ன தேவை என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

2018இல் வந்த பிரேம்குமாரின் '96' இந்த வரிசையில் நேர்மையானது. ராமும் ஜானுவும் சேரவில்லை என்பதற்காக அதைக் குறை சொல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பள்ளியிலிருந்து ராம் காணாமல்போனது குடும்பச் சூழலால். பின்னர் அவன் கல்லூரிக்குத் தேடிப்போனபோது, வந்தவன் யாரென்றே தெரியாமல் அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அங்கும் ஒரு தவறான புரிதல் உண்டு. ஆனால் படம் அதோடு நிற்கவில்லை. ஒரு தடவை கேட்ட 'இல்லை'யோடு ராம் ஏன் ஒதுங்கிப்போனான்? அவனுடைய கூச்சமும் தயக்கமும் எவ்வளவு பெரிய பங்கு வகித்தன? ராமின் மாணவிகளிடம் ஜானு ஒரு பொய்க்கதை சொல்கிறாளே, நடக்காமல்போன வாழ்க்கையை நடந்ததாக, அந்தக் காட்சியில் கேள்வி முழுசாகக் கேட்கப்பட்டுவிடுகிறது. கணக்குத் தீர்ந்த பிறகு வரும் பிரிவு என்பதால் அது நெஞ்சில் நிற்கிறது.

கணக்குத் தீர்ப்பது வெளியிலிருந்து வந்த பாடமும் அல்ல. புகழேந்திப் புலவரின் நளவெண்பா நம்மிடம் இருக்கிறது. நளனும் தமயந்தியும் கணவன் மனைவிதான். ஆனாலும் பிரிந்தவர் கூடும் கதைக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நடுக்காட்டில் தூங்குகிறவளை விட்டுவிட்டுப் போனவன் நளன். உருமாறி அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாக ஒளிந்திருக்கிறான். தமயந்தி விதியே என்று உட்காரவில்லை. இரண்டாம் சுயம்வரம் என்று சேதி அனுப்புகிறாள். அவ்வளவு விரைவில் தேர் ஓட்டிவரக்கூடியவன் ஒருவன்தான் என்று அவளுக்குத் தெரியும். வந்தவனின் சமையலைச் சோதிக்கிறாள். குழந்தைகளை அவன் முன் அனுப்பி, அவன் உருகுவதைத் தெரிந்துகொள்கிறாள். அவளுக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: காட்டில் ஏன் விட்டுப்போனாய்? அவனுக்கும் ஒன்று இருக்கிறது: இன்னொரு சுயம்வரமா? இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகே கூடுகிறார்கள். எத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய துணிவு!

காத்திருப்பைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காபிரியேல் கார்சியா மார்க்கேஸின் 'காலரா காலத்தில் காதல்' (1985) நாவலில் ஃப்ளோரன்டினோ அரை நூற்றாண்டுக்கு மேல் ஃபெர்மினாவுக்காகக் காத்திருக்கிறான். அவள் கணவர், தப்பிய கிளியைப் பிடிக்க மாமரத்தில் சாத்திய ஏணியிலிருந்து விழுந்து இறந்த துக்க நாளிலேயே வந்து காதலைச் சொல்கிறான். அவள் விரட்டியடிக்கிறாள். சரியான எதிர்வினை. இத்தனை வருடம் காத்திருந்ததால் அவள் கடன்பட்டவளாகிவிடுவதில்லை. அதன் பிறகு அவன் தட்டச்சில் வேறு வகைக் கடிதங்கள் எழுதுகிறான்: கெஞ்சலோ பழைய நினைவோ இல்லாமல், முதுமை, மரணம், வாழ்க்கை பற்றி. துணையை இழந்த ஒருத்திக்கு இன்று எது உதவும் என்று யோசித்து எழுதியவை. அவற்றைப் படித்துத்தான் அவள் கதவைத் திறக்கிறாள். தன் பராமரிப்பில் விடப்பட்ட பள்ளிச் சிறுமியை அவன் சீரழித்ததையும் அந்த நாவல் மறைக்கவில்லை. அவனைப் புனிதக் காதலனாகக் கும்பிடுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். மறுத்த பெண்ணை விடாமல் துரத்துவதைக் காதலின் ஆழம் என்று காட்டிப் பழகிய நம் எழுத்தும் சினிமாவும் ஃபெர்மினா விரட்டியடித்த அந்த இரவைப் படிக்க வேண்டும்.

நிஜ வாழ்க்கையில் இப்படிச் சேர்கிறவர்கள் உண்டா? அமெரிக்க உளவியல் பேராசிரியர் நான்சி காலிஷ், பழைய காதலரிடம் திரும்பிய 1,001 பேரிடம் கேட்டறிந்து 1997இல் புத்தகம் வெளியிட்டார். பத்தில் ஏழு பேர் அப்போதும் சேர்ந்தே இருந்தார்கள். தாங்களாக முன்வந்து பேசியவர்கள் அவர்கள் என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. இணையம் வந்த பிறகு, மணமானவர்கள் விளையாட்டாகத் தேடப்போய்க் குடும்பம் சிதறுவதைக் கண்டு அவரே எச்சரிக்கத் தொடங்கினார். பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழு இல்லாதவர்களே அரிதாகிவிட்ட நம் ஊருக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். மணமான இருவர் சந்திக்கும் கதையை எழுதுகிறவர், வீட்டில் இருக்கும் கணவனையும் மனைவியையும் குடிகாரனாகவோ கொடுமைக்காரியாகவோ ஆக்கி வழியைச் சுலபமாக்கிக்கொள்ளக் கூடாது. அவர்கள் நல்லவர்களாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் எழுத வேண்டிய கஷ்டம்.

மணவிலக்குப் பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள் விஷயத்தில் அந்தத் தடையும் இல்லை. அவர்களையாவது நம் கதைகள் சேர விடலாமே. விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856இல். தமிழக அரசு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமணத்துக்கு நிதியுதவியும் தருகிறது. ஆனால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கல்லூரிக் காலத்தில் விரும்பியவரை மணக்கும் கதை வந்தால், 'இந்த வயசுல தேவையா' என்ற குரல் முதலில் பெற்ற பிள்ளையிடமிருந்தே வரும். அந்தக் குரலை எழுதுங்கள். மகனுக்குச் சங்கடம், மருமகளின் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை, வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி, எல்லாமே கதைக்குள் வரட்டும்.

பணமும் வரட்டும். மத்திய அரசு ஊழியரின் மனைவி கணவர் இறந்த பிறகு பெறும் குடும்ப ஓய்வூதியம், அவர் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். பிள்ளை இல்லாதவருக்கு மட்டும் வருமான வரம்புக்கு உட்பட்டு விலக்கு. மாதாமாதம் வங்கியில் விழும் அந்தத் தொகைதான் பல பெண்களுக்கு யார் கையையும் எதிர்பாராத ஒரே வருமானம். பழைய காதலர் வந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகையை அவள் விட வேண்டுமா? கையெழுத்துப் போடாமல் சேர்ந்து வாழ்வதா? தெரு என்ன பேசும், பெண்ணுக்கு வரன் பார்க்கும் இடத்தில் என்ன சொல்வார்கள்? இளமையில் அவளைக் கைவிட்ட மனிதரை நம்பி இந்த முறை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? ஆஸ்டின் தன் நாயகனின் கப்பல் பணத்தைப் பவுண்டுக் கணக்கில் எழுதியதுபோல, இந்தப் பெண்ணின் ஓய்வூதியத்தை ரூபாய்க் கணக்கில் எழுதும் ஒரு காதல் நாவல் தமிழில் வர வேண்டும். அதற்கு வில்லி வேண்டாம், ஒளித்த கடிதமும் வேண்டாம். அன்று ஏன் வரவில்லை என்று அவள் கேட்கட்டும். அவர் மழுப்பாமல் பதில் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ அவளுடைய முடிவாக இருக்கட்டும்.